அமெரிக்காவில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி: வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முறை

2022 ஜூனில் ப்ரூயன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை, நியூயார்க் போன்ற சில மாநிலங்களில் துப்பாக்கியோடு வெளியே நடமாட அனுமதி கேட்பவர், மற்றவர்களுக்கு இல்லாத தனி ஆபத்து தனக்கு இருப்பதாக அதிகாரியிடம் நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த நிபந்தனை இனிச் செல்லாது. பர்மிட் கேட்க மாநிலத்துக்கு உரிமை உண்டு, ஆனால் 2024 நிலவரப்படி 29 மாநிலங்கள் அதையும் கேட்பதில்லை. ஆக, முன்பு அரசு செய்த வடிகட்டலை இப்போது அவரவரே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அதற்கு ஒரு வரிசை உண்டு: விசா, வீடு, ஆபத்து, சட்டம், அப்புறம்தான் கருவி. எங்காவது 'கூடாது' என்று விடை வந்தால் அங்கேயே நின்றுவிடலாம், மேலே படிக்க வேண்டியதில்லை. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். கடையில் மாடல் பார்த்து, கையில் பிடித்துப் பார்த்து, பணம் கட்டிய பிறகு வீட்டில் குழந்தை இருப்பது நினைவுக்கு வருகிறது.

விசா

ஹெச்-1பி, எல்-1, எஃப்-1, அவற்றைச் சார்ந்த ஹெச்-4 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாறாது. விலக்குகள் மிகக் குறைவு. நடைமுறையில் பலரும் பயன்படுத்துவது, அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை லைசன்ஸ். அது காலாவதியான மறுநாளே விலக்கும் போய்விடும்.

இங்கே நம்மவர்கள் சறுக்குவது பெரும்பாலும் சனிக்கிழமை ரேஞ்சில், அதாவது சுடுபயிற்சிக் கூடத்தில். ஆபீஸ் கூட்டத்தோடு போய், வாடகைத் துப்பாக்கியை வாங்கி ஐம்பது ரவுண்டு சுட்டு, படம் எடுத்துப் போடுகிறார்கள். 'வைத்திருத்தல்' என்பதற்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. கையில் பிடித்தாலே போதும். வேட்டை லைசன்ஸ் இல்லாத விசாக்காரருக்கு அது கூட்டாட்சிக் குற்றம்.

கணவர் குடிமகன், மனைவி ஹெச்-4 என்றால் இன்னொரு சிக்கல். துப்பாக்கி கணவர் பெயரில் இருந்தாலும், அதை வைத்துப் பூட்டும் பெட்டியைத் திறக்கும் எண் மனைவிக்குத் தெரிந்திருந்தால் அது அவர் கட்டுப்பாட்டிலும் இருப்பதாக வழக்குப் போட இடமுண்டு. எண் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்க வேண்டும்.

கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். ஆனால் குடியேற்றச் சட்டத்தில் துப்பாக்கிக் குற்றத்துக்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. குடிமகனுக்கு அபராதத்தோடு முடியும் தவறு, கிரீன் கார்டுக்காரரை நாடுகடத்தும் அளவுக்குப் போகலாம். அதனால் குடியுரிமை விண்ணப்பம் பாதியில் இருப்பவர்களுக்கு எங்கள் கருத்து: சத்தியப் பிரமாணம் முடியும்வரை பொறுங்கள்.

குடிமக்களிலும் வாங்கத் தகுதியில்லாதவர்கள் உண்டு. பெருங்குற்றத் தண்டனை பெற்றவர்கள், குடும்ப வன்முறையில் சிறு குற்றமாகவே தண்டனை பெற்றவர்கள் இதில் அடக்கம். கடையில் நிரப்பும் 4473 படிவம், மாநிலத்தில் கஞ்சா சட்டப்பூர்வமாக இருந்தாலும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமே என்று எச்சரிக்கிறது. அதில் பொய் சொல்வது தனிக் குற்றம்.

வீட்டில் யார் இருக்கிறார்கள்

இந்த விவாதத்தில் இரு தரப்பும் அதிகம் பேசுவது தெருவில் வரும் திருடனை. புள்ளிவிவரம் காட்டுவது வேறு இடத்தை. 2021ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 தற்கொலைகள், அதாவது பாதிக்கு மேல். மாத்திரை விழுங்கியவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் பிழைப்பதில்லை. மனக்குழப்பத்தின் உச்சம் பல நேரம் சில மணி நேரமே நீடிக்கிறது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

கலிஃபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரை 2004 முதல் 2016 வரை பின்தொடர்ந்த ஆய்வு 2020ல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்ட விகிதம், இல்லாத ஆண்களைவிட சுமார் 8 மடங்கு. பெண்களில் சுமார் 35 மடங்கு. 'சாக முடிவெடுத்தவர்தான் துப்பாக்கி வாங்கினார், அதற்குத் துப்பாக்கி என்ன செய்யும்' என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு, வாங்கிய உடனேதான் விகிதம் உச்சத்தில் இருந்தது. ஆனால் பாதிக்கு மேற்பட்ட மரணங்கள் வாங்கி ஓராண்டு கழிந்த பிறகே நடந்தன. அதே குழுவின் 2022 ஆய்வு, சொந்தமாகத் துப்பாக்கி இல்லாமல், வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களைப் பார்த்தது. வாழ்க்கைத் துணையால் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட விகிதம் அவர்களிடையே 7 மடங்கு அதிகம். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

எனவே தாளில் எழுதிப் பாருங்கள். வீட்டில் மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர், குடிப்பழக்கம் உள்ளவர், பதின்வயதுப் பிள்ளை, மறதி நோயுள்ள பெரியவர், கைநீட்டும் பழக்கமுள்ளவர் யாராவது உண்டா? ஒருவர் இருந்தாலும் வீட்டில் துப்பாக்கி வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. 'பூட்டி வைத்துக்கொள்கிறேன்' என்ற சமாதானம், வைத்திருப்பவரே அந்தப் பட்டியலில் இருக்கும்போது எடுபடாது.

எண்களை வாசிப்பது

ஆண்டுக்கு 25 லட்சம் தடவை துப்பாக்கி தற்காப்புக்குப் பயன்படுகிறது என்ற எண் அடிக்கடி காதில் விழும். கிளெக், கெர்ட்ஸ் என்ற குற்றவியல் ஆய்வாளர்கள் இருவர் தொலைபேசியில் சுமார் 5,000 பேரைக் கேட்டு 1995ல் வெளியிட்ட கணக்கு அது. அரசின் குற்றப் பாதிப்பு ஆய்வோ ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் குறைவாகவே காட்டுகிறது. இவ்வளவு இடைவெளிக்குக் காரணம் கேள்வி கேட்ட விதம். 5,000 பேரில் ஒரு சதவீதத்தினர் தவறாக நினைவுகூர்ந்தாலோ மிகைப்படுத்தினாலோ, நாடு முழுக்கப் பெருக்கும்போது அது இருபது லட்சமாகிவிடும். அரசு ஆய்வு, குற்றத்துக்கு ஆளானதாக முதலில் சொன்னவர்களை மட்டுமே மேற்கொண்டு கேட்கிறது. துப்பாக்கியைக் காட்டியதும் எதிரி ஓடிவிட்டான், அதைக் குற்றமாகவே எண்ணவில்லை என்பவர்கள் அதில் விடுபடுகிறார்கள். உண்மை இடையில் எங்கோ இருக்கிறது.

வெளியே துப்பாக்கி கொண்டுபோகும் அனுமதியை எளிதாக்கினால் குற்றம் குறையும் என்று லாட், மஸ்டர்ட் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இருவரும் 1997ல் எழுதினார்கள். 2004ல் தேசிய ஆய்வுக் குழு, குறைகிறதா கூடுகிறதா என்று அந்தத் தரவிலிருந்து சொல்ல முடியாது என்றது. 2019ல் டோனஹியூ என்ற ஆய்வாளரின் குழு, அனுமதியை எளிதாக்கிய மாநிலங்களில் பத்தாண்டுகளில் வன்முறைக் குற்றம் 13 முதல் 15 சதவீதம் கூடியதாகக் கணக்கிட்டது. மறுபக்கம், பர்மிட் வாங்கியவர்கள் குற்றத்தில் தண்டிக்கப்படும் விகிதம் மிகக் குறைவு என்பதும் உண்மையே. இவை எல்லாம் மாநில அளவுச் சராசரிகள். சட்டமன்ற உறுப்பினருக்கு உதவும். உங்கள் வீட்டுக்கு மேலே சொன்ன பட்டியல்தான் உதவும்.

எதிலிருந்து பாதுகாப்பு?

பூட்டிய வீட்டில் திருட்டு, கார் கண்ணாடி உடைப்பு, கடன் அட்டை மோசடி ஆகியவற்றுக்குக் கைத்துப்பாக்கி பதில் அல்ல. அவை நடக்கும்போது நீங்கள் அங்கே இருப்பதில்லை. கொலைமிரட்டல் விட்டுப் பின்தொடரும் முன்னாள் துணை, நள்ளிரவில் ரொக்கத்தோடு கடை மூடும் வேலை போன்றவை வேறு வகை. அங்கே தற்காப்பு வாதத்துக்கு உண்மையான எடை உண்டு.

ஆனால் நேரத்தைக் கணக்கில் எடுங்கள். 1983ல் ட்யூலர் என்ற போலீஸ் பயிற்சியாளர் அளந்து பார்த்தார்: கத்தியோடு ஓடி வருபவர் 21 அடியை ஏறக்குறைய 1.5 நொடியில் கடந்துவிடுகிறார். சட்டைக்குள் இருக்கும் துப்பாக்கியை எடுத்துக் குறிபார்த்துச் சுட, தொடர்ந்து பழகியவருக்கே அதே 1.5 முதல் 2 நொடி பிடிக்கும். பழகாதவருக்கு மூன்று, நான்கு. பணம் பறிக்கும் ஆள் ஏற்கெனவே துப்பாக்கியை நெற்றிக்கு நேராகப் பிடித்திருந்தால் பர்ஸைக் கொடுப்பதே சரி.

எப்போது சுடலாம், எங்கே கொண்டுபோகக் கூடாது

உயிருக்கோ கடும் காயத்துக்கோ உடனடி ஆபத்து, அதை நீங்கள் தொடங்கியிருக்கக் கூடாது, பதில் ஆபத்தின் அளவுக்கு மீறக் கூடாது. எல்லா மாநிலங்களிலும் அடிப்படை இதுதான். பின்வாங்கும் கடமையில்தான் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு. ஃப்ளோரிடா 2005ல் அதை நீக்கியது. நியூயார்க்கில், வீட்டுக்கு வெளியே, முழுப் பாதுகாப்போடு விலகிப்போக முடிந்தால் விலகியாக வேண்டும். பொருளைக் காப்பாற்றச் சுடுவதற்கு டெக்சாஸில் சில சூழ்நிலைகளில் இடமுண்டு, அதை நம்பிக்கொண்டு வேறு மாநிலத்தில் நடந்தால் சிறைதான். சாலையில் வாய்த்தகராறின்போது சட்டையைத் தூக்கித் துப்பாக்கியைக் காட்டினால், ஒரு தோட்டாகூடச் செலவாகாமல் வழக்கு வரும்.

பர்மிட் தேவையில்லாத மாநிலத்திலும் பர்மிட் வாங்குங்கள் என்கிறோம். பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். அந்த மாநிலமே கொடுத்த பர்மிட் இருந்தால் விலக்கு உண்டு. பர்மிட் இல்லாமல் ஊருக்குள் காரோட்டுபவர் தினமும் நாலைந்து முறை அந்த எல்லையைக் கடக்கிறார், அது தெரியாமலே. அடுத்த மாநிலம் உங்களை அனுமதிப்பதும் பல இடங்களில் பர்மிட்டைப் பொறுத்தே. நியூயார்க்கில் 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடுபயிற்சியும் கட்டாயம்; இல்லினாயில் மொத்தம் 16 மணி நேரம்.

மாநில எல்லையைத் தாண்டும்போது 1986ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் ஒரு பாதுகாப்புத் தருகிறது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் வைத்திருக்க உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும். தோட்டா எடுக்கப்பட்டு, துப்பாக்கியும் தோட்டாவும் டிக்கியில் இருக்க வேண்டும். டிக்கி இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டி. முன்னிருக்கைக்கு எதிரே உள்ள சிறு அறையைப் பூட்டினால் அது கணக்கில் வராது.

விமான நிலையச் சோதனையில் 2023ல் மட்டும் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, 93 சதவீதம் தோட்டா நிரப்பியவை. பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்வது 'பையில் இருப்பதை மறந்துவிட்டேன்'. துப்பாக்கிக்கென ஒதுக்கிய பையை வேறு எதற்கும் எடுக்காதீர்கள், பயணப் பையில் துப்பாக்கியை வைக்காதீர்கள்.

கருவி

இத்தனையும் தாண்டி வந்திருந்தால் செலவைப் பாருங்கள். தரமான 9 மி.மீ. பிஸ்டல் 450 முதல் 600 டாலர், ஹோல்ஸ்டரும் (துப்பாக்கி உறை) விறைப்பான பெல்ட்டும் 120 முதல் 150, பூட்டுப் பெட்டி 100 முதல் 300, வகுப்பு 100 முதல் 300. பிறகு மாதம் 100 ரவுண்டு பயிற்சி. தோட்டா ஒன்று 30 சென்ட் என்று வைத்தால் ஆண்டுக்கு 360 டாலர், ரேஞ்ச் கட்டணம் தனி. அதற்கு மனமில்லையென்றால் பிஸ்டலுக்கும் செலவழிக்க வேண்டாம்.

கடைக்காரர் 'கைக்கு அடக்கமாக இருக்கும்' என்று மிகச்சிறியதை எடுத்துக் காட்டுவார், குறிப்பாகப் பெண்களுக்கு. எடை குறையக் குறைய உதைப்பு கூடும், குழல் குட்டையாகக் குட்டையாகக் குறி தவறும். ஒரு படி பெரிய அளவையே எடுங்கள். முடிந்தால் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து ஐம்பது ரவுண்டு சுட்டுப் பார்த்த பிறகு.

ஹோல்ஸ்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள். விசையைச் சுற்றியுள்ள வளையத்தை அது முழுக்க, விறைப்பாக மூட வேண்டும். காலித் துப்பாக்கியைச் செருகித் தலைகீழாகக் குலுக்கினால் விழக் கூடாது. துணி போன்ற மெல்லிய ஹோல்ஸ்டரின் வாய், துப்பாக்கியை எடுத்ததும் சுருங்கிவிடும். திரும்பச் செருகும்போது மடிந்த ஓரம் விசைமேல் பட்டு வெடிக்கும். ஜாக்கெட் கயிற்றின் முடிச்சும் சட்டை நுனியும் அதே வேலையைச் செய்யும். எடுப்பதில்தான் வேகம் வேண்டும். செருகுவதைக் கண்ணால் பார்த்து, மெதுவாக, விரலை விசைக்கு வெளியே நீட்டி வைத்துச் செய்யுங்கள். கைப்பையில் வைப்பதாக இருந்தால் அந்த அறையில் வேறு எதுவும், ஒரு பேனாகூட, இருக்கக் கூடாது; பையை எங்கும் கழற்றி வைக்கவும் கூடாது. உணவகத்தில் நாற்காலிமேல் தொங்கும் பையைக் குழந்தை துழாவுவதற்கு ஒரு நிமிடம் போதும்.

தோட்டாவை இறக்கும்போது

பிஸ்டல் விபத்துகளில் மிகப் பழையது இது: ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) முதலில் இழுத்து, சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா இருக்கும் அறை) இருந்த தோட்டா வெளியே விழுந்ததைப் பார்த்துத் திருப்திப்பட்டு, பிறகு மேகசினை (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் கூடு) உருவுவது. ஸ்லைடு திரும்பும்போதே மேகசினிலிருந்து அடுத்த தோட்டா சேம்பருக்குள் ஏறியிருக்கும். மேகசின் கையில் இருப்பதால் துப்பாக்கி காலி என்று நம்பி விசையை இழுக்கிறார்கள். சரியான வரிசை: குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, மேகசினை முதலில் உருவுங்கள். பிறகு ஸ்லைடை இழுங்கள். அதைத் திறந்த நிலையில் நிறுத்தி, சேம்பருக்குள் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவுங்கள். இருட்டில் விரல்தான் நம்பகம்.

இரவில் இறக்கிக் காலையில் ஏற்றும் பழக்கம் உள்ளவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அதே தோட்டா திரும்பத் திரும்பச் சேம்பருக்குள் ஏறும்போது அதன் முனை சேம்பர் வாயிலில் உள்ள சரிவில் இடித்து இடித்து, ஈயக் குண்டு பித்தளைக் கூட்டுக்குள் அமிழும். உள்ளே இடம் குறைவதால் சுடும்போது அழுத்தம் எகிறும். புதிய தோட்டா ஒன்றை மேசைமேல் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடாதீர்கள், ரேஞ்சில் கொடுத்து அப்புறப்படுத்துங்கள்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால், பெரும்பாலும் மேகசின் முழுதாக ஏறவில்லை. ரேஞ்சில் குழலை இலக்கை நோக்கியே 30 நொடி பிடித்திருந்து, மேகசினின் அடியைத் தட்டி, ஸ்லைடை முழுக்க இழுத்துவிடுங்கள். காலிக் கூடு ஸ்லைடில் நட்டுக்கொண்டு நின்றால் மணிக்கட்டு தளர்ந்திருப்பது பொதுவான காரணம். இவை சின்னத் தொல்லைகள். பயப்பட வேண்டியது, வெடிச்சத்தம் 'டுப்' என்று வலுவில்லாமல் வந்து உதைப்பும் இல்லாதபோது. குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம், அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். உடனே நிறுத்தி, இறக்கி, ரேஞ்ச் அலுவலரைக் கூப்பிடுங்கள்.

ரேஞ்சிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கைமுகம் கழுவி, உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். ஈயத் தூள் உடையில் ஒட்டி வரும். கர்ப்பிணிகள் உள்ளரங்க ரேஞ்சுக்குப் போகாமலிருப்பது நல்லது.

பூட்டு

உடம்பில் இல்லாத நேரம் முழுவதும் பூட்டிய பெட்டியில். அலமாரிமேல், மெத்தைக்கடியில், சாமான் அறையில் அல்ல. எந்த ஒளிவிடமும் பிள்ளைகளுக்குத் தெரியும். விரல்ரேகைப் பூட்டு ஈரக்கையில் அடம்பிடிக்கும், பேட்டரியும் தீரும். பொத்தான்களை அழுத்தித் திறக்கும் இயந்திரப் பூட்டுக்கு இரண்டு தொல்லையும் இல்லை. பெட்டியைச் சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்குங்கள், இல்லாவிட்டால் திருடன் பெட்டியோடு தூக்கிப்போவான். காரில் விட்டுப்போவதுதான் மிக மோசம். கார்களிலிருந்து திருடு போனவை நேராகக் குற்றச் சந்தைக்குப் போகின்றன, கார் பின்புறம் ஒட்டிய துப்பாக்கிப் பிரியர் ஸ்டிக்கர் அதற்கு விலாசம் எழுதிக் கொடுக்கிறது.

துப்பாக்கி வேண்டாம் என்று முடிவானால்

மிளகு ஸ்ப்ரே பெரும்பாலான மாநிலங்களில் விசாக்காரர்களும் வைத்துக்கொள்ளக் கூடியது. சுமார் 10 அடி எட்டும், எதிர்க்காற்றில் உங்கள் கண்ணுக்கே திரும்பும், ஜெல் வகையில் அந்தத் தொல்லை குறைவு. குப்பியில் அச்சிட்ட தேதிக்குப் பிறகு உள்ளழுத்தம் குறைந்துவிடலாம். கலிஃபோர்னியாவில் 2.5 அவுன்ஸுக்கு மேல் கூடாது. நியூயார்க்கில் 18 வயது நிறைந்தவர், துப்பாக்கி விற்பனையாளரிடமோ மருந்துக் கடையிலோ நேரில்தான் வாங்க வேண்டும். விமானத்தில் கைப்பைக்குள் அனுமதி இல்லை. பையின் அடியில் கிடந்தால் பயனில்லை, சாவிக்கொத்தோடு கையில் இருக்க வேண்டும். பயிற்சிக்கென வெறும் தண்ணீர் அடைத்த குப்பி கிடைக்கும், அதை வாங்கி நாலு தடவை அடித்துப் பாருங்கள்.

ஏற்கெனவே வீட்டில் இருந்தால்

சூழ்நிலை மாறும். வேலை போகலாம், விவாகரத்து வரலாம், யாருக்காவது மனநிலை சரியில்லாமல் போகலாம். அப்போது துப்பாக்கியைச் சில மாதம் வீட்டைவிட்டு வெளியே அனுப்புவதே சரியான வழி. சில துப்பாக்கிக் கடைகளும் ரேஞ்சுகளும் சில ஊர்க் காவல் நிலையங்களும் வாங்கி வைத்துக்கொள்கின்றன. முதலில் தொலைபேசியில் கேளுங்கள், துப்பாக்கியோடு நேரே காவல் நிலையத்துக்குள் நுழையாதீர்கள். நண்பரிடம் கொடுப்பதற்கு முன் உங்கள் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள், தற்காலிகமாகக் கைமாறவும் பின்னணிச் சோதனை கேட்கும் மாநிலங்கள் உண்டு. திரும்ப வாங்கும்போது மீண்டும் 4473 நிரப்ப வேண்டுமா என்பதையும் கடையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இன்றிரவே அனுப்ப வழியில்லையென்றால் தோட்டாக்களை எடுத்துக்கொண்டுபோய் வேறு வீட்டில் வையுங்கள், பெட்டி எண்ணை, மனநிலை சரியில்லாதவருக்குத் தெரியாமல் மாற்றுங்கள், தற்கொலை, மனநெருக்கடிக்கான உதவி எண் 988ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.